பாதிக் காசு கையில் இருக்கிறவருக்கு லீசிங் எதற்கு? திருமலையில் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

திருமலையில் (திருகோணமலையில்) கார் எடுக்கப் போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால், எந்தக் கார் என்று கேட்பதற்கு முன்னாலேயே எந்தக் கம்பனியில் லீசிங் (கம்பனியின் காசில் வாகனத்தை எடுத்து மாதத் தவணையில் கட்டி முடிப்பது) போட்டீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். லீசிங் இல்லாமலும் வாகனம் வாங்கலாம் என்ற நினைப்பே போய்விட்டது. உவர்மலையில் இருக்கிற ஆசிரியரும், நிலாவெளியில் வான் ஓட்டுகிறவரும், கிண்ணியாவில் கடை வைத்திருக்கிறவரும் ஒரே மாதிரியான தாளில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள், ஆனால் மூன்று பேருடைய தேவையும் ஒன்றல்ல. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாகனம் உங்களுக்கு உழைத்துத் தரப் போகிறது என்றால் லீசிங்கைப் பற்றி யோசிக்கலாம். வீட்டுப் பாவனைக்குக் கார் என்றால், லீசிங்குக்கு முற்பணமாகக் கொடுக்கப் போகிற அந்தக் காசுக்கே சின்னதாக ஒரு காரை முழுசாக வாங்கிவிடுங்கள்.

ஏன் என்று பார்ப்போம். வட்டி இறங்கிவிட்டது, இதுதான் நல்ல நேரம் என்று லீசிங் பிடித்துக் கொடுக்கிறவர்கள் சொல்கிறார்கள். வட்டி இறங்கியது உண்மைதான். 2023 மார்ச்சில் மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் வழங்கும் கொள்கை வீதம் 16.5 சதவீதத்தில் நின்றது, 2025 மே மாதம் கொள்கை வட்டி 7.75 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் மாதத் தவணை அப்படி இறங்கவில்லையே, பல பேருக்கு ஏறியல்லவா இருக்கிறது? காரணம் காரின் விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த பழைய கார்களையே ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டு இருந்தோம், அதனால் பழசாகப் பழசாக விலை கூடிய ஒரு அதிசயம் நடந்தது. இறக்குமதி திறந்த பிறகு வந்த புதுக் கார்களும் மலிவாக வரவில்லை. தடைக்கு முன் 180, 185 ரூபாயாக இருந்த டொலர் 2025இல் 300 ரூபாயைச் சுற்றி நின்றது, அதன் மேல் சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன. வட்டி வீதம் இறங்கினாலும் வட்டி போடப்படுகிற தொகை பெருத்துவிட்டால் மாதக் கடைசியில் உங்கள் கையில் இருந்து போவது கூடத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாகனப் பெறுமதியில் எவ்வளவு வரைக்கும் கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி ஒரு எல்லை வைத்திருக்கிறது. கார், ஜீப், வான் ஆகியவற்றுக்கு 2025 ஜூலையில் அது 60 சதவீதமாக இருந்தது, அதே வருடம் நவம்பரில் 50 ஆக இறக்கினார்கள். 60 லட்சம் ரூபாய்க் காருக்கு 30 லட்சம் நீங்கள் கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம். முன்பு போல நாலைந்து லட்சத்தைக் கட்டிவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வருகிற கதை முடிந்தது. இந்த விதியைப் பற்றிக் குறைப்படுகிறவர்கள்தான் அதிகம், எனக்கோ இது ஒரு நல்ல கேள்வியைக் கேட்கிற மாதிரி இருக்கிறது: 30 லட்சம் ரூபாய் உங்களிடம் ரொக்கமாக இருக்கிறதென்றால், கடன் எதற்கு?

(லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் "லீசில் எடு, மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம்" என்று தொலைபேசியில் சொல்வார்கள். அங்கே அது வாடகை மாதிரி, காலம் முடிந்ததும் காரைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். நம் ஊரில் தனியாட்களுக்குக் கிடைப்பது அது அல்ல. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும், பதிவில் உங்கள் பெயரும் இருக்கும், கடைசித் தவணை கட்டிய பிறகுதான் கார் உங்களுடையது. அங்கத்தைய கணக்கை இங்கே போட வேண்டாம்.)

சரி, கணக்குக்கு வருவோம். 60 லட்சம் ரூபாய்க் கார், 30 லட்சம் முற்பணம், மீதி 30 லட்சத்துக்கு ஐந்து வருட லீசிங், வட்டி குறைந்து செல்லும் மீதிக்கு (அதாவது இன்னும் கட்டாமல் மிச்சம் இருக்கிற தொகைக்கு மட்டும்) ஆண்டுக்கு 14 சதவீதம் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 69,800 ரூபாய் வரும். 60 மாதத்துக்கும் சேர்த்தால் 41 லட்சத்து 88 ஆயிரம் அளவு, அதில் வட்டி மட்டும் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 60 லட்சக் கார் 72 லட்சத்துக்கு வந்து நிற்கிறது, அதற்கு மேல் ஆவணச் செலவு, ஐந்து வருடமும் கட்டாயமாக எடுக்க வேண்டிய முழுக் காப்புறுதி. லீசிங் இருக்கும் வரைக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு கம்பனி விடாது.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் விழுந்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தொலைபேசியில் கேட்டால் "எங்களிடம் 9 சதவீதம்தான்" என்பார்கள். எதற்கு 9 சதவீதம்? முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் ஐந்து வருடமும் ஒரே மாதிரி 9 சதவீதம் போட்டால், 30 லட்சத்துக்கு வட்டி 13 லட்சத்து 50 ஆயிரம், தவணை 72,500. மேலே சொன்ன 14 சதவீதத் தவணையைவிட இது கூட! ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் முதலில் கொஞ்சம் கொஞ்சம் நீங்கள் கட்டி முடித்துக்கொண்டு வருகிறீர்கள், அப்படிக் கட்டி முடித்த காசுக்கும் சேர்த்து வட்டி வாங்குகிறார்கள். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 9 சதவீதம் உண்மையில் 15.7 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். ஆகவே வீதத்தைக் கேட்டு ஒப்பிடாதீர்கள். எவ்வளவு தொகை, எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, முடிவில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன் என்று கேட்டு, அதைத் தாளில் எழுதி வாங்கி, இரண்டு மூன்று கம்பனித் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது மற்றப் பக்கம். அதே 30 லட்சத்துக்கு, ஆண்டையும் நிலையையும் பொறுத்து, பழைய அல்ட்டோ, பெரோடுவா விவா, நிசான் சனி என்று சந்தையில் தேடலாம். அழகான கார்கள் என்று சொல்ல வரவில்லை, ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக, மழை நாளில் மட்கோ பக்கம் இருந்து டவுனுக்குப் போய்வர அது போதும். லீசிங்குக்குக் கட்டியிருக்க வேண்டிய 69,800 ரூபாயில் மாதம் கிட்டத்தட்ட 20,000 ரூபாயைத் திருத்த வேலைக்கும் ரயருக்கும் என்று ஒதுக்குங்கள், மிச்சம் 50,000 ரூபாயை வங்கியில் போடுங்கள். ஐந்து வருடத்தில் வட்டியைச் சேர்க்காமலே 30 லட்சம். லீசிங் எடுத்தவரிடம் அந்த நேரம் ஐந்து வருடம் ஓடிய ஒரு கார் இருக்கும். உங்களிடம் ஒரு பழைய காரும் இருக்கும், 30 லட்சம் காசும் இருக்கும். இடையில் ஒரு மாதம் வீட்டில் கல்யாணமோ வருத்தமோ வந்து காசு போட முடியாமல் போனால் ஒருவரும் வந்து கேட்கப் போவதில்லை. லீசிங்கில் அந்த ஒரு மாதத்துக்குத் தாமத வட்டி, அடுத்த மாதம் தொலைபேசி, அதற்கும் அடுத்து வாகனத்தைத் தூக்க ஆட்கள். நம் பக்கத்தில் வாகனம் சீஸ் பண்ணப்பட்ட வீடுகளில் காசைவிட மானம் போனதைத்தான் அதிகம் பேசுவார்கள்.

மாதம் 50,000 ஒழுங்காகச் சேமிக்க எல்லோராலும் முடியாது, லீசிங் என்றால் கட்டாயத்தில் கட்டிவிடுவோம் என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமான பேச்சு. அப்படியானவர்கள் சம்பளம் வருகிற அன்றே தானாகக் கழிகிற ஒரு சேமிப்புக் கணக்கை வங்கியில் கேட்டுத் திறக்கலாம், நம்பிக்கையான ஆட்கள் பிடிக்கிற சீட்டில் சேரலாம். கட்டாயத்துக்காக 12 லட்சம் வட்டி கொடுப்பது கூடிய விலை.

பழைய கார் என்றதும் வருகிற பெரிய பயம் கராஜ் செலவு. அந்தப் பயம் சரியானதுதான், அதுவும் நம் ஊரில். மூன்று பக்கமும் கடல், உப்புக் காற்று. உப்புவெளி, அலஸ்தோட்டம், டச் பே பக்கம் கடற்கரையோடு நிறுத்தி வைத்த கார் மேலே பளபளவென்று இருந்தாலும் அடியில் தின்றுகொண்டே இருக்கும். கார் பார்க்கப் போகும்போது வெளிப் பூச்சைப் பார்த்து மயங்காமல், நாலு கதவையும் திறந்து கீழ் விளிம்பில் இருக்கிற ரப்பரைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். உள்ளே தகரம் பழுப்பாகிப் பொருமியிருந்தால் மேலே புதிதாக அடித்த பெயின்ட் எதற்கென்று விளங்கிவிடும். டிக்கிக்குள் உதிரி ரயரைத் தூக்கி அதன் பள்ளத்தைப் பாருங்கள், தண்ணீர் நின்ற அடையாளம் அங்கேதான் மறையாமல் கிடக்கும். பிறகு கட்டாயம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோய் மேலே தூக்கி, முன் சில்லுகளைத் தாங்குகிற இடங்களையும் பிரேக் குழாய்களையும் சேஸியையும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்த மெக்கானிக் விற்கிறவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது. அனுராதபுரம், குருநாகல் பக்கம் உள்நாட்டில் ஓடிய காரைத் தேடி வாங்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், அந்த அலைச்சல் வீண் போகாது.

வெள்ளத்தில் நின்ற கார்களையும் இப்போது சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாட்டின் பல பகுதிகளில் வாகனங்கள் தண்ணீருக்குள் கிடந்தன. அவற்றைக் கழுவித் துடைத்து விற்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. சீட் பெல்ட்டை நிற்கும் வரை முழுசாக வெளியே இழுங்கள். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்று நிறத்தில் ஒரு கோடு இருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். டொயோட்டா அக்குவா மாதிரியான ஹைபிரிட் கார்களில் இன்னும் கவனம் வேண்டும், பெரிய பற்றரி மாற்ற வேண்டி வந்தால் மலிவாக வாங்கிய லாபம் எல்லாம் அதில் போய்விடும். எண்ணெய் மிச்சம் என்பதற்காக மட்டும் வயதான ஹைபிரிட்டை ரொக்கம் கொடுத்து வாங்க நான் சொல்லமாட்டேன்.

காப்புறுதியில் சேமிக்க நினைக்காதீர்கள். சொந்தக் காருக்குச் சட்டப்படி மூன்றாம் தரப்பு போதும், ஆனால் உங்கள் சேமிப்பு முழுவதும் அந்தக் காரில் இருக்கிறது. ஹபரணை, கந்தளாய் வீதியில் இரவில் யானை குறுக்கே வருகிற ஊர்க்காரர்கள் நாங்கள். முழுக் காப்புறுதியே எடுங்கள், 30 லட்சக் காருக்கு அது 60 லட்சக் காரைவிடக் குறைவாகத்தான் வரும்.

காசு கொஞ்சம் போதாமல் இருக்கிறவர்களுக்கு இடையில் வங்கிக் கடன் இருக்கிறது. அரச உத்தியோகத்தர்களுக்குச் சம்பளத்தின் மேல் கிடைக்கிற தனிநபர் கடனில் காருடைய புத்தகம் உங்கள் பெயரிலேயே இருக்கும், அது பெரிய நிம்மதி. ஆனால் வட்டி நிலையானதா, மாறுவதா என்று கேளுங்கள். மாறும் வட்டி என்றால் பெரும்பாலும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன் வீதத்தோடு (வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளர்களுக்குப் போடுகிற வட்டியின் சராசரி) கட்டியிருப்பார்கள், அது 2022 தொடக்கத்தில் 9 சதவீதத்துக்குக் கீழே இருந்து அந்த வருட முடிவில் 27ஐத் தாண்டிப் போனது. அப்போது மாறும் வட்டியில் மாட்டிக்கொண்டவர்களின் சம்பளம் தவணைக்கே சரியாகப் போனது. லீசிங்கில் வட்டி வழமையாக முடிவு வரைக்கும் ஒன்றுதான், அந்த ஒரு விடயத்தில் லீசிங் நல்லது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நகை அடகு வைத்துக் கார் வாங்குவது வேறு கதை. நாலைந்து மாதத்தில் வரப் போகிற காசு நிச்சயம் என்றால் சரி, இல்லாவிட்டால் காருக்காக மனைவியின் தாலிக்கொடியை வருடக்கணக்கில் வங்கிப் பெட்டகத்தில் வைக்காதீர்கள்.

கார் தேவையே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. வருடத்தில் சில தடவை கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்வரத்தான் கார் என்றால், அந்தப் பயணங்களுக்கு ஹயர் வான் பிடித்து, மற்ற நாளில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவுமாகச் சமாளித்தால் ஒரு வருடச் செலவு லீசிங்கின் மூன்று நாலு மாதத் தவணைக்குள் அடங்கிவிடும். உங்கள் வீட்டுக் கணக்கை ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

இனி உழைக்கிற வாகனம். இதில்தான் லீசிங்குக்கு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் வான் தவணையை வான் கட்டும். ஆனால் திருமலையில் அதற்கும் ஒரு சிக்கல். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வெளிநாட்டுக்காரர் வருவது ஏப்ரல் கடைசியில் சூடு பிடித்து செப்டம்பரோடு ஓய்ந்துவிடும். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும், ஹோட்டல்களில் பாதி அறை பூட்டிக் கிடக்கும். தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் அதே திகதிக்கு வரும். ஆகஸ்ட் வருமானத்தைக் காட்டி ஜனவரித் தவணையைக் கட்டலாம் என்று நினைத்துத்தான் நல்ல ஓட்டுநர்கள் பலர் வானை இழந்தார்கள். சீசனில் கூடவும் மாரியில் குறையவும் கட்டுகிற மாதிரித் தவணையை அமைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். உழவு இயந்திரம் எடுக்கிற விவசாயிகளுக்கு அறுவடையைப் பார்த்துக் கட்டுகிற தவணைகள் இருக்கின்றன, வான்காரரும் கேட்டால்தான் கிடைக்கும். தரமாட்டோம் என்றால், மாரியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது, அலுவலக ஹயர் என்று நிலையான ஒரு வருமானம் பேசி முடித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, 2022 எரிபொருள் வரிசை என்று நாலு வருடத்துக்குள் மூன்று தடவை சுற்றுலா படுத்த நாடு இது. மூன்று மாதத் தவணை கையிருப்பில் இல்லாமல் வான் எடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கடைசியாக, மலிவாகத் தெரிகிற ஒரு வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எனக்குக் கட்ட முடியவில்லை, இத்தனை லட்சம் தந்துவிட்டு மீதி லீசிங்கை நீங்கள் கட்டிக்கொண்டு ஓடுங்கள்" என்று கார் கைமாறுகிறது. கையில் கொடுப்பது குறைவு என்பதால் நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். அந்தக் கார் சட்டப்படி கம்பனியுடையது, ஒப்பந்தம் முதல் ஆளுடையது, உங்களுக்கு அதில் ஒரு இடமும் இல்லை. நீங்கள் தவறாமல் கட்டிக்கொண்டு இருக்கும்போதே அவருடைய வேறு கடனுக்காகப் பிரச்சினை வரலாம், அவர் வெளிநாடு போய்விடலாம், முடிவில் புத்தகத்தை மாற்றக் கையெழுத்துத் தேவைப்படும்போது ஆள் இருக்கமாட்டார். கம்பனிக்கே இரண்டு பேரும் போய், ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள். நண்பருக்குப் பிணையாளியாகக் கையெழுத்துப் போடுவதும் இப்படித்தான், அவர் கட்டத் தவறினால் கடன் தகவல் பணியகத்தில் (கிரிப்) இருக்கிற உங்கள் அறிக்கையிலும் அது ஏறும், நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

ஏற்கெனவே லீசிங் எடுத்துவிட்டு இதை வாசிக்கிறவர்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் முன்கூட்டியே முடிக்க எவ்வளவு என்று கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். முதல் வருடங்களில்தான் தவணையில் வட்டிக்குப் போகிற பங்கு அதிகம், அதனால் சீக்கிரம் முடித்தால்தான் லாபம், நாலாவது வருடத்தில் முடிப்பதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. எப்படி முடித்தாலும், கணக்குத் தீர்ந்த கடிதத்தையும் அசல் பதிவுப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கம்பனியின் பெயரை நீக்குகிற வேலையை அந்த மாதமே செய்யுங்கள். வருடக்கணக்கில் அதைச் செய்யாமல் வைத்திருந்துவிட்டு, விற்கப் போகிற நேரத்தில் கொழும்புக்கு அலைகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.